அக்காவுக்கு, கட்டுக்கரையிலிருந்து

அக்கா,

காணியைக் கொடுத்துவிட்டேன். போன புதன்கிழமை கையெழுத்து வைத்தாயிற்று. யாருக்கு, எவ்வளவுக்கு என்பதைப் போனில் சொல்கிறேன், இதை ஊர்ச்சனமும் வாசிக்கும். வாங்கியவர் நல்ல மனிசன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கொட்டிலையாவது விட்டுவை என்று கேட்டீர்கள். மன்னியுங்கள். வயலே இல்லையென்றால் காவல் கொட்டிலை வைத்து என்ன செய்ய? ஐயா அதைப் பன்றிக் காவலுக்குத்தான் போட்டவர். பறவை பார்க்கிற இடமாக்கியது நீங்கள்.

அந்த மார்கழி மழைதான் திரும்பத் திரும்ப வருகிறது. கிடுகு ஒழுகி என் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வெளிச்சம் இருந்தால் நாங்கள் அசைவது தெரிந்துவிடும் என்று வாசலில் சாக்கைத் தொங்கவிட்டீர்கள். கிடுகு ஓட்டையால் பார்த்தால், ஊசிவால் வாத்துகள் எல்லாம் காற்று வந்த பக்கம் திரும்பி, அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக் கிடந்தன. மழைச் சத்தத்தில் என் இருமல்கூட அதுகளுக்குக் கேட்கவில்லை. எங்களைக் கண்டு சம்புப் புல்லுக்குள் ஒளிந்த நீலத்தாழைக்கோழி மட்டும் வெளியே வருவதாக இல்லை.

"பொறு, நான் போறன். ரெண்டு பேர் வந்து ஒராள் போனா, கொட்டில் வெறுமை எண்டு நினைக்கும். அதுக்கு எண்ணத் தெரியாது."

உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வேண்டுமென்றே நன்றாகத் தெரிகிற மாதிரி குளக்கட்டால் நடந்தீர்கள். கொஞ்ச நேரத்தில் அது வந்தது. சம்புத் தண்டொன்றை அலகால் இழுத்தெடுத்து, ஒற்றைக் காலால் கை மாதிரிப் பிடித்துத் தூக்கி, மேல்தோலைக் கிழித்து எறிந்துவிட்டு வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றது. நீங்கள் அதைப் பார்க்கவில்லை. எனக்காகத்தான் நனைந்தீர்கள், தெரியும்.

பிறகு உண்மையாகவே போனீர்கள். வீடு வெறுமை என்றுதான் சொந்தங்களும் நினைத்தார்கள். உள்ளே நான் இருந்தேன், அம்மாவோடு. மருந்து, மாதக் கிளினிக், இரவில் எழுந்து கதவைத் திறக்கப் போகிற அம்மா.

இலைக்கோழியில் பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த சோடியிடம் போய்விடும், அடைகாப்பதும் குஞ்சு பார்ப்பதும் ஆண்தான் என்று சொல்லித் தந்ததும் நீங்களே. அப்போது சிரித்தேன். சரி, இதற்கு மேல் எழுதினால் அத்தானும் வாசிப்பார்.

இப்போது மன்னார் வங்காலைக்குப் பறவை பார்க்க வான் பிடித்து வருகிறார்கள். 2008இல் சரணாலயமாக்கி, 2010இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்த்த இடமல்லவா, பேர் பரவிவிட்டது. கொட்டில் எதுவும் தேவையில்லை, வாகனமே மறைப்பு. உள்ளேயே இருந்தால் பூநாரை கணக்கெடுக்காது, கதவைத் திறந்து இறங்கினால்தான் கிளம்பும். நீங்கள் வந்தால் அப்படிக் கூட்டிப்போகிறேன். மழை பெய்தாலும் நனையத் தேவையில்லை. வருவீர்கள் என்று நம்பி எழுதவில்லை, திவசத்துக்கே வராதவர்.

உங்கள் பங்கு வங்கியில் கிடக்கிறது. வேண்டாம் என்று பெரிய மனசு காட்டாதீர்கள், எனக்குப் பிடிக்காது. பைனாகுலரை மட்டும் கேட்காதீர்கள். வலப்பக்கக் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஆனாலும் தரமாட்டேன்.

தம்பி