பழியை தாய் தலைல மட்டும் கட்டாதீங்க

ஆசிரியருக்கு வணக்கமுங்க,

போன ஞாயித்துக்கெழமை இணைப்புல ஆட்டிசத்துக்கும், செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியாவுக்கும் தொடர்பு இருக்கலாம்னு வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நடுவுல கட்டம் கட்டி மைட்டோகாண்ட்ரியா தாய்கிட்டருந்து மட்டும்தான் வருதுன்னு கொட்டை எழுத்துல போட்டீங்க பாருங்க, அதை மட்டும் போட்டோ புடிச்சு எங்க சொந்தக்காரங்க வாட்ஸாப் குரூப்பு பூரா சுத்த உட்டுட்டாங்க. எம் பேரனுக்கு ஆட்டிசமுங்க. எம் பொண்ணு ஈரோட்டுக்கும் கோயமுத்தூருக்கும் அவனை தெரபிக்கு தூக்கிட்டு அலையறா, இப்ப மாமியார் ஊட்ல உங்க பக்கத்து கோளாறுதானேன்னு வாய் கூசாம கேக்கறாங்க.

அது அரை உண்மைங்க. மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளயே இருக்கற ஜீன் வெறும் 37, அது தாய் வழி, சரி. அது ஓடறதுக்கு வேணுங்கற மீதி ஆயிரத்துக்கு மேல ஜீன் செல்லோட நடுக்கருவான நியூக்ளியஸ்ல இருக்குது, அதுல அப்பனுக்கும் பாதி பங்கு. கொழந்தைகளுக்கு வர்ற மைட்டோகாண்ட்ரியா நோய்ல (மைட்டோ நோய்) நெம்ப பேருக்கு கோளாறு இந்த நியூக்ளியஸ் ஜீன்லதான். சம்பந்தி குரூப்புக்கு இதையும் யாராச்சும் அனுப்பி உடுங்க.

ஆட்டிசம் இருக்கற கொழந்தைகளுக்கு மைட்டோகாண்ட்ரியா சரியா வேலை செய்யறதில்லைன்னு 2010ல கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்துல பண்ணுன ஆராய்ச்சில ஆட்டிசம் இருக்கற 10 கொழந்தைக, இல்லாத 10 கொழந்தைக, அவ்வளவுதான். 2012ல பல ஆராய்ச்சிய சேத்து பாத்தப்பவும் மைட்டோ நோய்னே சொல்ற அளவுக்கு இருந்தது ஆட்டிசம் இருக்கற 100 பேருல 5 பேருக்குத்தான். அது ஆட்டிசத்துக்கு காரணமா, சும்மா கூட வர்றதான்னே இன்னும் முடிவாகலைங்க. அதுக்குள்ள இங்க எல்லா பிள்ளைக்கும் மைட்டோ கோளாறு இருக்குதான்னு ரத்தத்துல லாக்டேட்ங்கற பொருள அளக்கற டெஸ்ட் எடுக்கச் சொல்லி, அதுக்குன்னு பவுடர் டப்பாவும் விக்கறாங்க. கத்தி அழுகற கொழந்தைய நாலு பேரு அமுக்கிப் புடிச்சு ரத்தம் எடுத்தா லாக்டேட் எப்புடியும் ஏறித்தான் காட்டும், அதை வெச்சு பயமுறுத்தறது நாயமா?

அதுக்காக டெஸ்டே வேண்டாங்கலை. காச்சல் வந்துட்டு போனதும் பேசுன பேச்சு நின்னுபோற பிள்ளை, வலிப்பு வர்றது, சித்த நேரம் நடந்தாலே சோந்து உக்காந்துக்கறது, இவங்களை நரம்பு டாக்டர்கிட்ட கட்டாயம் காட்டோணும். சில மைட்டோ நோய்ல வலிப்புக்கு குடுக்கற வால்ப்ரோயேட் மருந்து ஈரலையே கெடுத்துப்போடும், அதனால முன்னாடியே தெரியறது முக்கியமுங்க. இந்த விசயத்தை ஒரு டாக்டர வெச்சு எழுதுங்க, கூடவே அப்பன் பங்கையும் அதே கொட்டை எழுத்துல கட்டம் கட்டி போடுங்க.

இப்படிக்கு,
ஒரு அப்பிச்சி,
கோபிசெட்டிபாளையம்