தோல் நோயாளி படும் சிரமமும் ஓ.பி. சீட்டில் ஏற வேண்டும்: கடலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
பண்ருட்டி வட்டத்தைச் சேர்ந்த சொரியாசிஸ் நோயாளி
(பெயர், முகவரி, கைபேசி எண் அசல் மனுவில் உள்ளன)

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

பொருள்: அரசு மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவில், நாள்பட்ட தோல் நோயாளிகள் அன்றாடம் படும் சிரமத்தைக் கேள்வித்தாள் மூலம் கேட்டு ஓ.பி. சீட்டில் பதிவு செய்ய ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பல வருடங்களாக சொரியாசிஸுக்கு (தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் நோய்) அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்து வருகிறேன். டாக்டர்கள் அக்கறையாகத்தான் பார்க்கிறார்கள், மருந்தும் கொடுக்கிறார்கள். என் குறை அதில் இல்லை. டாக்டர் என் தோலைப் பார்க்கிறார்; அந்தத் தோலை வைத்துக்கொண்டு நான் எப்படிக் காலம் தள்ளுகிறேன் என்பது மட்டும் சீட்டில் எங்கேயும் ஏறுவதில்லை. அடுத்த மாதம் வேறு டாக்டர் உட்கார்ந்திருந்தால், போன தடவை எழுதிய ஆயின்மென்ட் பெயர்தான் அவர் கண்ணில் படும். பிரஷருக்கு வந்தவர் சீட்டில் ஓர் அளவு இருக்கிறது. சர்க்கரைக்கு வந்தவர் சீட்டிலும் ஓர் அளவு இருக்கிறது. ராத்திரி முழுக்க அரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சீட்டில் 'அதே மருந்து தொடரவும்' என்று மட்டுமே இருக்கிறது.

படை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை வைத்தே நோயின் கடுமையைச் சொல்லிவிட முடியாது. விரல்களோடு சேர்த்து ஒருவரின் உள்ளங்கை, மொத்த உடல் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம் என்பது மருத்துவக் கணக்கு. இரண்டு உள்ளங்கையும் வெடித்துப்போனால் 2 சதவீதம். பரப்பை மட்டும் பார்த்தால் அது லேசான நோய். எங்கள் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டாலே நல்ல தோல் வெந்து கறுத்துப்போகும். ஏற்கெனவே வெடித்த கையில் பட்டால் அந்தப் பெண் வேலைக்குப் போக முடியாது, சோறு பிசைய முடியாது, பிள்ளைக்குத் தலை பின்ன முடியாது. முதுகெல்லாம் படை இருந்தும் சட்டை போட்டு மூடிக்கொண்டு ஆபீஸ் போய்வருகிறவரும் இருக்கிறார். இருவரில் யாருக்கு அவசரம் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்பதற்கான வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1994-லேயே வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் ஃபின்லே, கான் என்ற இரு மருத்துவர்கள் 120 தோல் நோயாளிகளிடம் நோய் தங்கள் வாழ்க்கையை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டு, அதிலிருந்து 10 கேள்விகளை உருவாக்கினார்கள். கடந்த ஒரு வாரத்தில் அரிப்பும் எரிச்சலும் எவ்வளவு, கூச்சமாக இருந்ததா, கடைக்குப் போவதோ வீட்டு வேலையோ தடைப்பட்டதா, போடும் துணியை மாற்ற வேண்டி வந்ததா, வேலைக்கோ படிப்புக்கோ போக முடிந்ததா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பத்தைத் தாண்டினால் நோய் வாழ்க்கையை மிகவும் பாதிக்கிறது என்று பொருள். சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது 4 மதிப்பெண்ணாவது இறங்கினால்தான் நோயாளிக்கு உண்மையில் தேவலை ஆகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நிரப்ப இரண்டு மூன்று நிமிடம் போதும். டோக்கன் வாங்கிவிட்டு நாங்கள் காத்திருக்கும் நேரம் அதைவிட எவ்வளவோ அதிகம்.

அதில் பத்தாவது கேள்வி, சிகிச்சையே தொந்தரவாக இருக்கிறதா என்பது. என் பார்வையில் மிகவும் தேவையான கேள்வி அதுதான். தார் கலந்த ஆயின்மென்ட் துணியிலும் பாயிலும் கறை பிடிக்கும், வாடை வரும். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் எத்தனை நாள் பூசுவார்கள்? பாதியில் விட்டுவிடுகிறார்கள். டாக்டரிடம் சொல்லப் பயம். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் இன்னும் வீரியமானதை எழுதுகிறார். சீட்டில் அந்த ஒரு பதில் இருந்தால் இது நடக்காது.

நம் ஊருக்கு ஏற்ப சிலதைக் கவனிக்க வேண்டும். விளையாட்டு பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. அறுபது வயதுப் பாட்டி 'எனக்குப் பொருந்தாது' என்பார், அதற்கு 0 விழும். அவருடைய மொத்த மதிப்பெண் குறைவாகத் தெரியும். அதற்காக அசல் கேள்விகளை மாற்றினால் மதிப்பெண்ணை ஒப்பிட முடியாமல் போகும். ஆகவே அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, தூக்கம் கெட்டதா, மூட்டு வலிக்கிறதா, கல்யாணம் காட்சிக்குப் போகாமல் ஒதுங்கினீர்களா என்று மூன்றைத் தனியாகக் கேட்கலாம். தூக்கம் அந்தப் பத்தில் இல்லை. சொரியாசிஸ் மூட்டையும் பிடிக்கும் என்பதால் இரண்டாவதும் அவசியம்.

தாம்பத்திய உறவு பற்றியும் ஒரு கேள்வி உண்டு. அதை வரிசையில் நிற்கும்போது சத்தமாகக் கேட்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் செவிலியர் தனியாக வைத்து வாசித்துக் காட்ட வேண்டும். பெண்களிடம் பெண்ணே கேட்க வேண்டும். கூட வந்த கணவரோ மாமியாரோ பதில் சொல்லிவிடக் கூடாது. இதைச் சரியாகச் செய்யாவிட்டால் எல்லாரும் '0' என்று டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சொரியாசிஸ் வலியும் ஊனமும் தரக்கூடிய, தொற்றாத, நாள்பட்ட நோய் என்று உலக சுகாதார மன்றம் 2014-ல் தீர்மானம் போட்டது. தொற்றாது என்பது எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை, அய்யா. டீக்கடையில் தனி டம்ளர் நீட்டுகிறார்கள். அந்த வலிக்கு ஆயின்மென்ட் இல்லை என்றாலும், மதிப்பெண் மிக அதிகமாக வருகிறவரை மனநலப் பிரிவுக்கும் அனுப்பிவைக்க வழி இருக்க வேண்டும்.

எனவே, கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் முதலில் ஆறு மாதம் இதை நடைமுறைப்படுத்தும்படி மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்கு ஆணையிட வேண்டுகிறேன். சொரியாசிஸ், எக்ஸிமா (கரப்பான்), வெண்புள்ளி, விடாத காணாக்கடி உள்ளவர்களிடம் தொடங்கினால் போதும். மொத்த மதிப்பெண்ணைத் தேதியோடு சீட்டின் மேல் மூலையில் எழுதினால் எந்த டாக்டர் வந்தாலும் ஒரே பார்வையில் தெரியும். சரியாக நடந்தால் அப்புறம் பண்ருட்டி, விருத்தாசலம், சிதம்பரம் என்று விரிவுபடுத்தலாம். தாள் அச்சடித்து மூட்டையாக அடுக்கி வைப்பதோடு இது நின்றுவிடக் கூடாது. மருந்தை மாற்றுவதா தொடர்வதா என்று முடிவெடுக்கும்போது டாக்டர் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதும் ஆணையிலேயே இருக்கட்டும்.

தமிழ்க் கேள்வித்தாள் எளிய ஆட்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க நோயாளிகளை அழைத்தால் நான் வரத் தயார். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பண்ருட்டி

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)