பென் டிரைவோடு வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம்.

வலைத்தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கான பயிலரங்குகளுக்கும் தளம் சரிசெய்யும் மேசைக்கும் தோள் கொடுத்த எல்லாருக்கும் சேர்த்து இந்த மடல். சால்வை போட்டு நன்றி சொன்னால் யார் என்ன செய்தார்கள் என்பது சால்வைக்குள்ளேயே மறைந்துவிடும். அதனால் வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். பக்கத்து ஊரில் குழு தொடங்க நினைப்பவர்களுக்கும் அது பயன்படும்.

முதல் நன்றி கல்லூரி லேப் அண்ணனுக்கு. நம் கணினியையே சர்வராக்கி அதில் தளம் கட்டிப் பார்க்க உதவும் ஸாம்ப் சுமார் 150 எம்பி, வேர்ட்பிரஸ் சுமார் 25 எம்பி. 30 கணினிகளிலும் ஒரே நேரத்தில் இறக்கப் போனால் 5 ஜிபிக்கு மேல். ஒற்றை இணைப்பில் மதியச் சாப்பாடுவரை சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இரண்டையும் முந்தைய நாளே ஆறு பென் டிரைவில் ஏற்றி வரிசைக்கு ஒன்றாகக் கொடுத்தார். எங்கே இடிக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கல்லூரி லேப் என்றால் டிபிஎம்எஸ் (தரவுத்தளப் பாடம்) பிராக்டிகலுக்காக மைஎஸ்க்யூஎல் தரவுத்தள மென்பொருள் ஏற்கெனவே நிறுவியிருக்கும். தரவுத்தளம் பேசும் வாசலான 3306 போர்ட்டை அது பிடித்துக்கொண்டிருப்பதால் ஸாம்ப்பின் தரவுத்தளம் கிளம்பாமல் சிவப்பிலேயே நிற்கும். விண்டோஸ் சர்வீசஸில் போய்ப் பழையதை நிறுத்தியதும் அவர்தான், மாலையில் மறக்காமல் மறுபடி ஓடவிட்டதும் அவர்தான். மறந்திருந்தால் திங்கட்கிழமை பிராக்டிகல் நடந்திருக்காது. 80ஆம் போர்ட்டை வேறு மென்பொருள் பிடித்திருந்த நான்கு கணினிகளில் ஸாம்ப்பின் வலைச் சர்வரான அப்பாச்சியை 8080க்கு மாற்றி, முகவரியிலும் அந்த எண்ணைச் சேர்க்கச் சொல்லி, ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் போய் நின்றார்.

அடுத்தது, 'தமிழ் உடைந்துபோச்சு' என்று வந்தவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன அக்காவுக்கு. உடைந்த தமிழ் மூன்று வகை, மூன்றுக்கும் மருந்து வேறு என்று அவர் பிரித்துக் காட்டியதுதான் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி.

ஒன்று, டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் தட்டிய உரை. அதில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகம் மாட்டுகிறது. தளத்தில் ஒட்டினால் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். இதற்குத் தரவுத்தளத்தைத் தொடவே வேண்டாம். யூனிகோட் மாற்றியில் போட்டு எடுத்து ஒட்டினால் போதும்.

இரண்டாவதைப் பார்த்தால்தான் பலர் பயந்துபோகிறார்கள். பக்கம் முழுக்க, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் இருக்கும் 'ஆர்' குறியும் மாறி மாறி வரும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதை ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 குறிமுறை என்று தவறாகப் படித்தால் அந்த 'ஏ' தெரியும். 2007இல் வந்த 2.2 பதிப்புக்கு முந்தைய வேர்ட்பிரஸ் தளங்களில், தரவுத்தளத்தோடு எந்தக் குறிமுறையில் பேசுவது என்று குறிக்கும் வழி கிடையாது. லத்தீன்-1 அட்டவணைக்குள் யூடிஎஃப்-8 பைட்டுகள் போய் உட்கார்ந்திருக்கும். எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே தவறு நடப்பதால் பழைய சர்வரில் எல்லாம் சரியாகத் தெரியும். சர்வர் மாற்றிய அன்றுதான் குட்டு வெளிப்படும். இதில் தகவல் அழியவில்லை. பழைய சர்வரிலிருந்து லத்தீன்-1 என்றே சொல்லி டம்ப் (தரவுத்தளத்தின் முழு நகல் கோப்பு) எடுக்க வேண்டும். கோப்பின் தலையில் உள்ள 'செட் நேம்ஸ்' வரியிலும் அட்டவணைகளிலும் குறிமுறைப் பெயரை யூடிஎஃப்-8-எம்பி-4 (utf8mb4) என்று மாற்றி, அதே குறிமுறை சொல்லி ஏற்றினால் தமிழ் திரும்பிவிடும்.

மூன்றாவது, தரவுத்தளத்திலேயே வெறும் கேள்விக்குறிகள். அங்கே எழுத்து சேமிக்கும்போதே போய்விட்டது. எந்தக் கட்டளையும் மீட்காது. பழைய பேக்கப்பைத் தேடுவதுதான் ஒரே வழி. இதை வந்தவர் முகத்துக்கு நேரே சொல்ல மனத்திடம் வேண்டும். அக்கா சொன்னார், கூடவே பேக்கப் தேடவும் உட்கார்ந்தார்.

மொழிபெயர்ப்பு மேசைக்கு வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மாவுக்குத் தனி நன்றி. வேர்ட்பிரஸில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என இரண்டு மொழிப் பொதிகள் உண்டு. சொற்களை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடாது. பெயரோ தேதியோ வர வேண்டிய இடத்தில் சதவீதக் குறியோடு ஓர் இடம்பிடி நிற்கும். அதற்கு 1, 2 என்று எண் போட்டிருந்தால் தமிழ் வரிசைக்கு ஏற்ப முன்பின்னாக வைக்கலாம். எண் இல்லாததை இடம் மாற்றினால் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தேதி வந்து உட்காரும். இதைவிடத் தொல்லை வேற்றுமை உருபு. இடம்பிடியோடு 'ஐ'யை ஒட்டிவிட்டால் திரையில் 'கமலாஐ நீக்கவா?' என்று வரும். உடம்படுமெய் போட நிரலுக்குத் தெரியாது. "நடுவில் 'என்பதை' வையுங்கள்" என்றார் அம்மா. 'கமலா என்பதை நீக்கவா?', 'முருகன் என்பதை நீக்கவா?' எந்தப் பெயர் வந்தாலும் இடிக்காது. 'என்பதற்கு', 'என்பதில்' எல்லாம் அதே வழிதான். நிரல் எழுதுகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த இடத்தில் இலக்கணம் படித்தவர் இரண்டு நிமிடத்தில் வழி காட்டினார்.

பதிவுகளின் தமிழ் இணைய முகவரிகள் ஏன் பாதியில் வெட்டுப்படுகின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டிய கல்லூரித் தம்பிக்கும் நன்றி. முகவரித் துண்டுக்கு மொத்தம் 200 இடம். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று இடமாக எழுதப்படுவதால், மூன்று பைட் உள்ள ஒரு தமிழ்க் குறி 9 இடம் எடுக்கும். துணையெழுத்தும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். 'தமிழ்நாடு' ஒன்றே 81 இடம். 22 குறிகளுக்கு மேல் போனால் வெட்டு. வெளியிடும் முன்பே முகவரியைக் கையால் சுருக்கிவிடுங்கள்.

தளம் சரிசெய்யும் மேசையில் உட்கார்ந்த வெப்சைட் கடைக்காரர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வெளியே ஒருவருக்கொருவர் போட்டி. இங்கே ஒருவர் கூட விசிட்டிங் கார்டை எடுக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலையை, இலவசமாக, வாடிக்கையாளரே செய்துகொள்ளும்படி கற்றுக்கொடுத்தார்கள். ஊரில் வேர்ட்பிரஸ் பரவியதற்கு விளம்பரத்தைவிட இதுதான் காரணம் என்பது எங்கள் எண்ணம்.

அதிகம் வந்த கோளாறு இது: உள்ளூர்க் கணினியில் கட்டிய தளத்தைச் சர்வருக்கு மாற்றும்போது டம்ப் கோப்பை நோட்பேடில் திறந்து பழைய முகவரியைப் புதிதாக மாற்றிவிடுவார்கள். பல அமைப்புகளில் சொல்லுக்கு முன்னால் அதன் நீளமும் எண்ணாக எழுதியிருக்கும். சொல் மாறி எண் மாறாவிட்டால் அந்த அமைப்பையே வேர்ட்பிரஸ் படிக்காது, விட்ஜெட்டுகள் (பக்கவாட்டுப் பெட்டிகள்) மாயமாகும். கட்டளை அடித்து வேர்ட்பிரஸை இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் சர்ச்-ரீப்ளேஸ் நீளத்தையும் சேர்த்துத் திருத்தும். முதலில் டிரை-ரன் (வெள்ளோட்டம்) போட்டு எத்தனை இடம் மாறும் என்று பார்த்துவிட்டு ஓட்ட வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டிய 'புரோ' தீமை (தள வடிவமைப்பை) ஓசியில் எடுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு அவர்கள் முதலில் திறந்து காட்டியது அப்லோட்ஸ் ஃபோல்டரை. படங்கள் இருக்கும் அங்கே பிஹெச்பி கோப்புக்கு என்ன வேலை? இருந்தால் திருடன் உள்ளே வந்துவிட்டானா என்று சந்தேகப்பட வேண்டும். பேக்கப் என்று கோப்புகளை மட்டும் நகலெடுத்து வந்தவர்களிடம், பதிவுகள் இருப்பது தரவுத்தளத்தில் என்று சலிக்காமல் சொன்னதற்கும் நன்றி.

டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) யார் பெயரில் இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் பார்க்கவைத்த நண்பருக்கும். புதுப்பிக்கும் அவகாசமும் கடந்த .காம் பெயருக்கு 30 நாள் மீட்புக் காலம், அதிலும் கூடுதல் கட்டணம். அதற்குப் பிறகும் 5 நாள் கழிந்தால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

கடல் கடந்தவர்களுக்கும் ஒரு வணக்கம். பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளை உருவாக்கிய மிஷெல் வால்ட்ரிகி அதை, யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் விட்டிருந்தார். அதன் வளர்ச்சி நின்றுபோனபோது அமெரிக்காவிலிருந்து மேட் முல்லன்வெக்கும் இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டிலும் அனுமதி கேட்டு யாருக்காகவும் காத்திராமல் எடுத்து வளர்க்க முடிந்தது. 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் வந்தது. லேப் அண்ணனின் பென் டிரைவில் அது ஏறியதும் அதே உரிமத்தில்தான்.

டீ, வடை, ஜங்ஷன் பாக்ஸ் கொண்டுவந்த எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: புரொஜெக்டருக்குப் போட்ட ஹெச்டிஎம்ஐ–விஜிஏ கன்வெர்ட்டர் யாரோ ஒருவர் பையில் போயிருக்கிறது. அது லேப் அண்ணனுடைய சொந்தப் பொருள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எடுத்து வந்துவிடுங்கள்.

அன்புடன்,
பயனர் குழு ஒருங்கிணைப்பாளர்கள்