கோத்தகிரியிலிருந்து ரேவதிக்கு

கோத்தகிரி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ரேவதி,

உன் கடிதமும், பின்னாலேயே வாட்ஸ்அப்பில் அந்தப் பிடிஎஃப்பும் வந்தன. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிடிஎஃப்பைத் திறக்கவே இல்லை, கோபித்துக்கொள்ளாதே. "அப்படியே வரும் கேள்விகள்" என்று எவனோ விற்ற சரக்கை உன் ஆபீஸ் பையன் உனக்கும் தள்ளிவிட்டிருக்கிறான். நாம் எழுதப்போவது சிசிஎன்ஏ, சிஸ்கோ கம்பெனி நடத்தும் நெட்வொர்க் சான்றிதழ்ப் பரீட்சை. கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று சம்மதித்த பிறகுதான் அதில் உட்காரவே விடுவார்கள். இப்படிப்பட்ட சரக்கோடு மாட்டினால் மதிப்பெண் ரத்து, அடுத்து எழுதவும் தடை வரலாம். கட்டணமே 300 டாலர், வரி தனி. அவ்வளவு கொட்டிக் கொடுத்து, விடைகளை உருப்போட்டுச் சான்றிதழ் வாங்கி, அப்புறம் ஒரு ரூட்டர் முன்னால் நின்று முழிக்கவா?

சரி, ஊர்க்கதை. மழை விட்டபாடில்லை. பச்சைத் தேயிலை விலையைப் பற்றி அப்பா வழக்கம்போலப் புலம்புகிறார். பெரியவள் பத்தாம் வகுப்பு. நானும் புத்தகத்தோடு உட்காருவதால் அவளைப் படி படி என்று விரட்டத் தேவையில்லாமல் போய்விட்டது. "அம்மாவுக்கு எதுக்கு இந்த வயசுல பரீட்சை?" என்று மாமியார் கேட்டதற்குக்கூட அவளே பதில் சொன்னாள்.

பழைய புத்தகமே போதுமா என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். நம் காலத்தில் சிசிஎன்ஏவை இரண்டு தாளாகப் பிரித்து எழுதலாம், ஞாபகமிருக்கிறதா? 2020 பிப்ரவரியிலிருந்து ஒரே தாள்தான், 200-301. 2024 ஆகஸ்டில் பாடத்திட்டத்தைக் கொஞ்சம் திருத்தி 1.1 ஆக்கினார்கள். நீ வைத்திருக்கும் புத்தகம் அதற்கு முந்தியது என்றாலும் தூக்கிப் போடாதே, அடிப்படை மாறவில்லை. செயற்கை நுண்ணறிவு, கிளவுட் என்று சேர்ந்தவற்றை மட்டும் தனியாகப் படித்தால் போதும். ஆட்டோமேஷன் பகுதி மொத்தமே பத்து சதவீதம். ஜேசான் என்ற தகவல் எழுதும் வடிவத்தைப் பார்த்தால் எது என்னவென்று தெரிய வேண்டும், அவ்வளவே. அதற்காகப் பைதான் நிரல்மொழி வகுப்பில் சேர்ந்து காசைக் கரைக்காதே.

எல்லோரும் சப்நெட்டிங்கை, அதாவது முகவரிகளைச் சிறு நெட்வொர்க்குகளாகப் பிரிப்பதைத்தான், பேயாகப் பார்க்கிறார்கள். அது கை பழகினால் வந்துவிடும். 192.168.10.77/26 என்றால், முகவரியின் 32 பிட்டில் முதல் 26 நெட்வொர்க்குக்கு, மீதி 6 பிட்டுக்கு 64 எண்கள். அதனால் கடைசி எண்ணை 64, 64 ஆகப் பிரி. நெட்வொர்க்கின் பெயராக 64, எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் பிராட்காஸ்டுக்கு 127, நடுவில் 62 முகவரிகள். காய் நறுக்கிக்கொண்டே போடலாம். உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது ரூட்டிங் டேபிள், எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரூட்டர் வைத்திருக்கும் பட்டியல். 25 சதவீதம், இருப்பதிலேயே பெரிய பங்கு அந்தப் பகுதிக்குத்தான். ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறைகள் ஓஎஸ்பிஎஃப்பும் ரிப்பும். ஒரு ரூட்டரில் 10.1.0.0/16 ஓஎஸ்பிஎஃப் வழியாக வந்திருக்கிறது, 10.1.8.0/22 ரிப் வழியாக, வேறு எதுவும் பொருந்தாதபோது போகும் டிஃபால்ட் ரூட் கையால் போட்டது. 10.1.9.20க்கு ஒரு பாக்கெட் வந்தால் எந்தப் பக்கம் போகும்? எண் சிறியதாக இருந்தால் அதிக நம்பிக்கை என்ற கணக்கில் ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, ரிப்புக்கு 120, கையால் போட்டதற்கு 1 என்று மனப்பாடம் செய்தவர்கள் உடனே டிஃபால்ட் ரூட்டையோ ஓஎஸ்பிஎஃப்பையோ கைகாட்டுவார்கள். ரிப் பக்கம்தான் போகும். /22 என்பது 10.1.8.0 முதல் 10.1.11.255 வரை, நம் முகவரி அதற்குள் இருக்கிறது, மூன்றில் மிக நீளமான பிரிஃபிக்ஸும், அதாவது சாய்கோட்டுக்குப் பின் பெரிய எண் உள்ளதும், அதுதான்; மிகக் குறிப்பான வழிக்கே முதலிடம். மேட்டுப்பாளையத்தில் அரவேணு போகிறவள், வெறுமனே "மலை" என்று கூவும் வண்டியை விட்டு "அரவேணு" என்று பலகை போட்ட பஸ்ஸில் ஏறுவாளே, அப்படி. அந்த 110, 120 எல்லாம் ஒரே பிரிஃபிக்ஸ் இரண்டு வழியாக வரும்போதுதான் பேச்சுக்கே வரும். இந்த ஒன்று தெளிந்தால் பாதிப் பகுதி தானாக இளகிவிடும்.

நான் வேலை பார்க்கும் விடுதியில் ஓய்வு கொடுத்த மூன்று நெட்வொர்க் சுவிட்சுகளை வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் முக்கோணமாகக் கட்டியிருக்கிறேன். இப்படிச் சுற்றிவரும் வழியில் தகவல் சுழன்றுகொண்டே இருக்காமல் ஒரு பக்கத்தை அடைத்துவிடும் ஸ்பானிங் ட்ரீயை நேரில் பார்க்க அவ்வளவு சுவாரசியம், ரேவதி! முன்னுரிமை எண் சிறியதாக உள்ள சுவிட்ச்தான் ரூட், அதாவது தலைமை. மூன்றுக்கும் முன்னுரிமை எண் 32768 தான், ஆனால் திரையில் 32769 என்று காட்டும், ஏனென்றால் விலான் (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) எண் 1 அதோடு கூடிவிடுகிறது. எண் சமமாக இருந்தால், தயாரிக்கும்போதே பெட்டிக்குக் கொடுத்த மேக் முகவரி எதற்குச் சிறியதோ அது ஜெயிக்கும். பெரும்பாலும் சிறியதாக இருப்பது பழைய பெட்டிக்குத்தான். அப்படித்தான் மூன்றிலும் பழசான, விசிறி கரகரக்கும் பெட்டி ரூட் ஆனது. நல்ல சுவிட்சில் எண்ணை 4096 ஆக்கியதும் மாறிவிட்டது, ஒரு போர்ட் அடைபட்டு, அதன் விளக்கு பச்சையிலிருந்து ஆரஞ்சுக்குப் போனது. இந்த நெறிமுறையை எழுதியவர் ரேடியா பெர்ல்மன், 1985இல், டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்) என்ற கணினிக் கம்பெனியில் இருந்தபோது. பாலிடெக்னிக்கில் நமக்கு யாராவது அந்தப் பெயரைச் சொன்னார்களா? உனக்குச் சுவிட்ச் கிடைக்காவிட்டால், கணினியிலேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கும் சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் இலவசம், வேண்டியமட்டும் கட்டிப் பார்.

வேலையில்கூட இந்தப் படிப்பு உதவுகிறது. சரிவில் கடைசியாக இருக்கும் காட்டேஜுக்கு முன்பு யாரோ காண்ட்ராக்டர் செம்புக் கேபிளை இழுத்துவிட்டுப் போயிருக்கிறார். நூறு மீட்டர்தான் வரம்பு, அது தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து எங்கேயோ போகிறது. இடி இடித்தால் போர்ட் போய்விடும். ஃபைபர் போடச் சொல்லி இத்தனை நாள் வாயால் கேட்டேன். இப்போது காரணங்களை வரிசையாக எழுதிக் கொடுத்ததும் மேனேஜர் கொட்டேஷன் வாங்கச் சொல்லிவிட்டார்.

வீட்டிலிருந்தே கேமரா முன்னால் எழுதலாமே என்றாய். அறைக்குள் வேறு யாரும் நுழையக் கூடாது, நடுவில் கரண்ட் போகக் கூடாது. எங்கள் வீட்டில் இரண்டுக்குமே உத்தரவாதம் இல்லை. கோவையில் மையத்திலேயே எழுதுகிறேன். 120 நிமிடம், ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது என்பதை மட்டும் நினைவில் வை. தெரியாத ஒன்றிலேயே உட்கார்ந்துவிடும் பழக்கம் உனக்கு அப்போதே உண்டு. தவறினாலும் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுத விடுவார்கள், ஆனால் அந்த 300 டாலரை மறுபடியும் கட்ட வேண்டும்!

தை பிறந்ததும் ஒரு சனிக்கிழமை இருவருக்கும் ஒரே நாளாகக் கிடைக்கிறதா பார்த்துச் சொல். முதல் நாள் இரவே உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். வர்க்கி எத்தனை பாக்கெட் வேண்டும் என்று உன் அம்மாவிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
கலைச்செல்வி