எஸ்கே தம்பி தங்கைகளுக்கு: உங்கள் பக்கத்தில் கணக்கைப் போடுங்கள்

அன்புள்ள சங்குனியாங் கபாத்தான் (எஸ்கே) தம்பி தங்கைகளே,

உங்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு உங்கள் தகலோக் மொழி பத்து வார்த்தைக்கு மேல் வராது. ஆனாலும் எழுதுகிறேன். பிலிப்பைன்ஸின் தாவோ நகரில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் மருத்துவம் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இதைப் படித்துவிட்டு, தங்கியிருக்கும் தெருவின் எஸ்கே உறுப்பினர் காதில் போட்டால் போதும்.

கூடவே படிக்கும் தமிழ் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்ஸில் ஆட்சியின் கடைசிப் படி பராங்காய். நம் ஊராட்சி, வார்டு மாதிரி. நாடு முழுக்கச் சுமார் 42,000 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெரியவர்களின் மன்றத்தோடு சேர்த்து ஓர் இளைஞர் மன்றமும் உண்டு. அதுதான் சங்குனியாங் கபாத்தான், சுருக்கமாக எஸ்கே: ஒரு தலைவர், ஏழு உறுப்பினர்கள். 15 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். தேர்தலில் நிற்க 18 முதல் 24 வயதுக்குள் இருக்க வேண்டும். பராங்காயின் பொது நிதியில் 10 சதவீதம் இவர்களுடையது. 19 வயதுப் பிள்ளையின் கையில் ஊர்ப் பணத்தைக் கொடுத்து, திட்டம் போட்டுச் செலவு செய் என்று சட்டமே சொல்கிறது. எங்கள் பக்கம் 19 வயதுக்காரனிடம் மளிகைக் கடைக்குப் போகவே எண்ணித்தான் கொடுப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எஸ்கே ஃபேஸ்புக் பக்கங்கள் சிலவற்றைப் பார்த்தேன். பண்டிகை வாழ்த்து, பிறந்தநாள் வாழ்த்து, கூடைப்பந்துப் போட்டிக்கான தட்டி. எல்லாவற்றிலும் தலைவர் முகம் பெரிதாக. ஊர்ப் பணத்தில் தன் முகத்தை ஒட்டிக்கொள்பவரை 'எபால்' என்று கேலி செய்யும் சொல்லை உருவாக்கியதே உங்கள் நாடுதான். ஃப்ளெக்ஸ் பேனர் நாட்டிலிருந்து எழுதுகிறேன் என்பதால் இதற்குமேல் பேச எனக்கு வாய் இல்லை. கூடைப்பந்து தப்பே இல்லை. 2016ஆம் ஆண்டின் எஸ்கே சீர்திருத்தச் சட்டம் செலவு செய்யச் சொல்லும் இனங்களில் விளையாட்டும் ஒன்று. ஆனால் அதே பட்டியலில் கல்வி, வேலைவாய்ப்பு, பேரிடர்த் தயார்நிலை, பருவநிலை மாற்றம் எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு எவ்வளவு போனது என்று தேடினால் கண்ணில் பட மாட்டேன் என்கிறது.

கைபேசியை வைத்து என்ன செய்யலாம் என்று உங்களுக்குச் சொல்லித்தரும் தகுதி உலகத்தில் யாருக்கும் இல்லை. 2001 ஜனவரியில் குறுஞ்செய்தி அனுப்பியே மணிலாவின் எட்சா சாலையில் கூட்டம் சேர்த்து, நான்கே நாளில் ஓர் அதிபரை வீட்டுக்கு அனுப்பியவர்கள் உங்கள் அப்பா அம்மாக்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது இன்னொன்று. 2012 ஆகஸ்ட் மழையில் மணிலா மூழ்கியபோது ட்விட்டரில் ரெஸ்க்யூபிஎச் என்ற ஹேஷ்டேகின் கீழ் ஓடிய பதிவுகள். பெயர், தெரு, கூரை மேல் எத்தனை பேர், தொடர்பு எண். உணர்ச்சி வசனம் ஒன்றும் கிடையாது, வெறும் பட்டியல். மூன்று வருடம் கழித்து, 2015 டிசம்பரில், எங்கள் சென்னை வெள்ளத்திலும் கிட்டத்தட்ட அதே மாதிரிப் பட்டியல்தான் இரவெல்லாம் கைமாறியது. கோஷம் போட்ட பதிவுகள் மறுநாள் மறந்துபோயின. தெருப் பெயரோடு இருந்த வரிக்குத்தான் படகு போனது.

2025 ஆகஸ்டில் இதையே இன்னும் பெரிதாகப் பார்த்தீர்கள். உங்கள் அரசு வெள்ளத் தடுப்புத் திட்டங்களின் பட்டியலை ஓர் இணையதளத்தில் போட்டது. மொத்தம் 9,855 திட்டங்கள், 54,500 கோடி பெசோவுக்கு மேல். ஜனங்கள் தம் ஊர்ப் பெயரைத் தேடினார்கள், ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தார்கள். புலகான் மாகாணத்தின் பலியுவாகில் 5.5 கோடி பெசோவுக்கு மேல் செலவில் ஆற்றுச் சுவர் முழுதாகக் கட்டி முடிந்துவிட்டதாகக் காகிதம் சொன்னது. அதிபரே நேரில் போனார். சுவர் இல்லை. அடுத்த மாதம் 21ஆம் தேதி மணிலாவின் லுனேடா பூங்காவிலும் எட்சாவிலும் கூட்டம் திரண்டது. முன்வரிசையில் உங்கள் வயதுக்காரர்கள்.

அந்தக் கூட்டத்தில் எஸ்கே உறுப்பினர்களும் இருந்திருப்பீர்கள். நல்லது. ஆனால் பொதுப்பணித் துறையிடம் நீங்கள் கேட்ட பட்டியலை உங்கள் பராங்காயில் 16 வயதுப் பெண் ஒருத்தி உங்களிடம் கேட்டால்? என்ன வாங்கினீர்கள், யாரிடம், என்ன விலைக்கு?

இதை எப்படிப் போடுவது என்பதில்தான் தொழில்நுட்பம் இருக்கிறது. முத்திரை குத்திய காகிதத்தை ஸ்கேன் செய்து, பெரிய கோப்பாக ஏற்றிவிட்டு, வெளிப்படையாக இருக்கிறோம் என்று சொல்லாதீர்கள். 'லோட்', அதாவது ரீசார்ஜ் பணம், தீர்ந்த கைபேசியில் அது திறக்காது. உங்கள் நாட்டில் இலவச ஃபேஸ்புக்கில் பல காலம் எழுத்து மட்டும்தான் தெரிந்தது, படத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. பிசோநெட் பெட்டியில் ஒரு நாணயம் போட்டுச் சில நிமிடம் இணையம் பார்ப்பவருக்கும் கோப்பு இறங்கும்வரை பொறுமை இருக்காது. ஆகவே வெறும் எழுத்தாக எழுதுங்கள். "பந்து 12, வலை 2, இவ்வளவு பெசோ, இந்தக் கடை." பத்து வரி போதும். கைபேசியே இல்லாதவர்களுக்கு அதே பத்து வரியைச் சந்தை வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

அப்புறம், மொழி. 2013 நவம்பர் 8 அன்று யோலாந்தா புயல் தக்லோபான் நகரைத் தாக்குவதற்கு முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் 'ஸ்டார்ம் சர்ஜ்' என்று சொன்னார்கள். அந்த ஆங்கிலச் சொல் பலருக்குப் புரியவில்லை. சுனாமி மாதிரி கடல் உள்ளே வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். அந்தப் புயலில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வாராய், செபுவானோ, இலோகானோ என்று வீட்டில் பேசும் மொழியில் எச்சரிக்கையைத் திருப்பிச் சொல்ல மணிலாவில் இருக்கும் அதிகாரியால் முடியாது. உங்களால் முடியும். எந்தத் தெருவில் தண்ணீர் முதலில் ஏறும், நடக்க முடியாத பாட்டி எந்த வீட்டில் இருக்கிறார் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். அரை நிமிடக் குரல் பதிவு ஒன்று போதும், அதற்கு நடனமும் பின்னணி இசையும் வேண்டாம்.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. எஸ்கேவுக்கு முன்னால் கபாத்தாங் பராங்காய் என்று ஒன்று இருந்தது. அப்போதைய அதிபர் மூத்த மார்கோஸ் 1975இல் அமைத்தது, தலைமையில் அவர் மகள் இமீ. 1977இல் ஒரு கூட்டத்தில் ஆர்க்கிமிடீஸ் த்ரஹானோ என்ற மாணவர், இமீ ஏன் தலைவர் என்று எழுந்து கேட்டார். கூட்டத்திலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர் பிணமாகத்தான் கிடைத்தார். ரொம்பப் பழைய கதை என்று தோன்றினால் 2021 ஏப்ரலைப் பாருங்கள். கேசோன் சிட்டி மகின்ஹாவா தெருவில் அனா பத்ரிசியா நோன் என்ற பெண் ஒரு மூங்கில் வண்டியில் அரிசியும் காய்கறியும் வைத்தார். முடிந்ததைக் கொடு, தேவையானதை எடுத்துக்கொள் என்று ஓர் அட்டை. ஃபேஸ்புக்கில் படம் பரவி, ஒரு வாரத்துக்குள் நாடெங்கும் அதே மாதிரி வண்டிகள். அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே அவருக்குக் கம்யூனிஸ்ட் முத்திரையும் குத்தினார்கள். பயத்தில் ஒரு நாள் வண்டியை நிறுத்தி வைக்க வேண்டிவந்தது.

அதனால் உங்களிடம் அதிகாரமும் பணமும் இருக்கிற இந்த நேரத்தில், கேள்வி கேட்பவரின் கருத்தை அழிக்காதீர்கள், அவரை பிளாக் செய்யாதீர்கள். 'அயுதா', அதாவது நிவாரண உதவி, வாங்க வந்தவரைப் படம் எடுத்துப் போடுவதையும் நிறுத்துங்கள். கடைக்காரர் பெயரும் விலையும் பொதுவில் வரட்டும், உதவி வாங்கியவரின் முகம் வேண்டாம்.

உங்கள் தேர்தல் 2026 நவம்பருக்குத் தள்ளிப்போயிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பராங்காயின் இளைஞர்கள் அத்தனை பேரையும் கூட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அடுத்த கூட்டத்துக்கு முந்தின நாள் அந்தப் பத்து வரியைப் போட்டுவிடுங்கள். கூட்டத்தில் பதில் சொல்லும்போது யாராவது ஒருவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்து நேரலை விடட்டும். அன்றைக்கு வேலைக்குப் போனவர்களும் வெளியூரில் படிப்பவர்களும் பார்க்க வேண்டுமே.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு அக்கா