உழுதுவிடாதே, மகளே

ஏம்ஸ், அயோவா

அன்புள்ள மகளுக்கு,

வீட்டின் பின்புறம் விதைத்த பிரெய்ரிப் பூக்களில், இந்த நாட்டின் பழைய புல்வெளிப் பூக்களில், ஒன்றுகூடத் தேறவில்லை என்றும், டில்லர் என்ற உழும் மிஷினை வாடகைக்கு எடுத்து உழுதுவிட்டுப் பழையபடி புல்தரையே போட்டுவிடப் போவதாகவும் நீ அனுப்பிய இரண்டு வரிச் செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைவில்லை. பேசலாம் என்றால் நீ தொலைபேசியை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். தயவுசெய்து உழுதுவிடாதே.

நீ விதைத்தது போன நவம்பரில். இது முதல் கோடை. இந்த விதைகளில் பல, குளிர்கால ஈரத்தில் கிடந்து எழுந்த பிறகே முளைக்கும். சில அடுத்த வசந்தம் வரைகூட மண்ணிலேயே தங்கிவிடும். முளைத்தவையும் முதல் ஆண்டில் மேலே நாலு இலையோடு நின்றுகொண்டு, பலத்தையெல்லாம் வேருக்கே கொடுக்கும். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ராக்வீடு களைக்கு அடியில், சொரசொரப்பான இலைகளை வட்டமாகத் தரையோடு விரித்து ஒன்று இருக்கிறது. அது பிளாக் ஐட் சூசன்தான். காம்பஸ் செடி பூக்கப் பல ஆண்டுகள் ஆகும், ஆனால் அதன் ஆணிவேர் நான்கு மீட்டர் ஆழம்கூடப் போகும். ஒன்றுமில்லை என்று நீ சொல்லும் இடத்தில் இவ்வளவு நடக்கிறது.

களை ஓரடி உயரம் வந்தவுடன், தரையிலிருந்து அரையடி விட்டு அறுத்துவிட வேண்டும். உரம் போடாதே, அது களைக்குத்தான் போய்ச் சேரும். ஓரத்தில் மூன்றடி அகலத்துக்கு மட்டும் ஒட்ட அறுத்துவை. தெருவில் போகிறவர்களுக்கு இது கவனிக்க ஆளில்லாத வீடு அல்ல என்று தெரிய வேண்டும். அறுக்கும் மிஷினை இப்போது யார் தள்ளுகிறார்கள்? மாப்பிள்ளைதான் வழக்கமாகச் செய்வார் என்பதால் அம்மா கேட்கச் சொன்னாள்.

தாத்தா தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது மண்ணுக்கு உரமாக்கியதை நீ அறிவாய். பிரெய்ரியில் அந்த உழவு வேண்டியதில்லை. ஊதா க்ளோவர், லெட்பிளான்ட் என்ற பிரெய்ரிச் செடிகள் வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. நீயும் அதற்கு உதவும் ரைசோபியம் நுண்ணுயிரைக் கலந்துதானே விதைத்தாய். ஆண்டுதோறும் பழைய வேர்களில் ஒரு பகுதி மடிந்து மக்குவதால்தான் இந்த நாட்டின் கரிய மண் உண்டாயிற்று. 1837இல் ஜான் டியர் எஃகுக் கலப்பை செய்த பிறகு அந்த மண் பெரும்பாலும் மக்காச்சோளம் போன்ற பயிர்களுக்குப் போய்விட்டது. அயோவாவில் இன்று ஆயிரத்தில் ஒரு பங்கு பிரெய்ரிகூட மிஞ்சவில்லை. நீல் ஸ்மித் சரணாலயத்தில் இங்குள்ள பல்கலைக்கழகத்தார் 2007 முதல் செய்த ஆய்வில், வயலில் பத்தில் ஒரு பங்கைப் பிரெய்ரியாக விட்டதற்கே மண் அடித்துச் செல்லப்படுவது ஏறத்தாழ 95 விழுக்காடு குறைந்தது. அதே சரணாலயத்தில் சிறுமியாக நீ காகிதப் பையில் விதை சேகரித்ததை நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

மே மாதத்தில் கோல்டன் அலெக்சாண்டர், ஜூலையில் பெர்கமோட், அக்டோபர் வரை ஆஸ்டர் என்று இடைவெளி இல்லாமல் பூக்கும்படி பட்டியல் போட்டவள் நீ. பம்பிள் ராணித்தேனீ வசந்தத்தில் தனியாக வெளியே வந்து கூடு தொடங்குகிறது. இலையுதிர்காலம் வரை இடையில் பூ நின்றுபோனால் அந்தக் கூடு நிலைக்காது. ரஸ்டி பேட்ச் என்ற பம்பிள் தேனீ இனம் 2017இல் இந்த நாட்டின் அழியும் நிலைப் பட்டியலில் சேர்ந்தது. உங்கள் இல்லினாயிலும் அது மிச்சமிருக்கிறது. நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த மில்க்வீடைத் தவிர வேறு இலையை மோனார்க் பட்டாம்பூச்சியின் புழு தின்னாது. இத்தனையும் தெரிந்தவள், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் டில்லர் வரை போய்விட்டாயே என்பதுதான் எனக்கு வருத்தம். அந்தத் தோட்டத்தை நீ தனியாகப் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஆகவே மறுபடியும் சொல்கிறேன், உழுதுவிடாதே. வெற்றிடங்களில் தூவ இங்கே ஆறு வகை விதை சேர்த்து வைத்திருக்கிறோம். நவம்பரில்தான் தூவ வேண்டும் என்றாலும், களை அறுக்க இப்போதே ஆள் வேண்டும். அடுத்த சனிக்கிழமை நானும் அம்மாவும் காரில் வருகிறோம். எங்கள் மிஷினையும் ஏற்றிக்கொண்டு வரவா என்பதை மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா