எண்ணிப் பார்த்தவளின் குரல்

அல்சூர், பெங்களூரு

அன்பு மகளுக்கு,

நீ குர்கானில் டீம் லீடாகப் பொறுப்பேற்று ஆறு மாதம் ஆகப்போகிறது. ஆண்டு மதிப்பீட்டில் உன் மேலாளர் சொன்னதாகச் சென்ற வாரம் தொலைபேசியில் நீ சொன்னது என் மனதை விட்டு நீங்கவில்லை. உன் வேலையில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் தலைமைக்குரிய தோரணை போதவில்லை, கூட்டங்களில் இன்னும் ஓங்கிப் பேச வேண்டும் என்றாராம். அதைச் சொல்லிவிட்டு, "நான் இதற்கெல்லாம் சரிப்பட்டு வருவேனா அம்மா?" என்று நீ கேட்டபோது மெட்ரோ இரைச்சலில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் இரண்டு வார்த்தையில் முடித்திருப்பேன். இது அப்படி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

உன் மேலாளர் சொன்னதில் ஒரு பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். முடிவு எடுக்கப்படும் இடத்தில் உன் கருத்து எல்லோர் காதிலும் விழ வேண்டும். கூட்டம் முடிந்தபின் தனியாக மின்னஞ்சல் எழுதுவது அதற்கு ஈடாகாது. ஆனால் குரலை உயர்த்தினால் துணிவு வந்துவிடும் என்ற மறுபாதியை, வேலைக்காலம் முழுவதும் அறுவை அரங்கில் நின்றவள் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை. நான் பார்த்த மிகத் துணிவான பெண்மணி மிக மெதுவாகப் பேசுகிறவர். அவரைப் பற்றி உனக்கு இதுவரை நான் சொன்னதில்லை.

வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் இரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணிகளை நாங்கள் மாப் என்போம். கத்தி வைப்பதற்கு முன்பும், வயிற்றறையை மூடுவதற்கு முன்பும், தோலைத் தைப்பதற்கு முன்பும் இரண்டு சிஸ்டர்கள் சேர்ந்து அவற்றை உரக்க எண்ணுவோம். எண்ணிக்கை சுவரில் உள்ள பலகையில் எழுதப்படும். எங்கள் அரங்கில் சர்ஜன் கன்னடம் பேசுவார், மயக்க மருந்து கொடுப்பவர் தெலுங்கர், சிஸ்டர்களில் பாதிப் பேர் மலையாளிகள், மேசையில் படுத்திருப்பவர் சிவாஜிநகரின் உருதுக்காரராகவோ நம் தெருத் தமிழராகவோ இருப்பார். எண்ணுவது மட்டும் எப்போதும் ஆங்கிலத்தில்தான், ஒருவருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள், நீண்ட அறுவை ஒன்று முடியும் நேரம். பலகையில் 20 என்று இருந்தது. திரும்பி வந்தவை 19. சர்ஜன் ஊசிக்குக் கை நீட்டிவிட்டார். கருவிகளைக் கொடுத்துக்கொண்டிருந்த மூத்த சிஸ்டர், "சார், ஒரு மாப் குறைகிறது" என்றார். "மறுபடி எண்ணுங்கள், அங்கேதான் இருக்கும்" என்றார் சர்ஜன். அவர் அந்தத் துறையின் தலைவர், அவர் நடந்து வந்தாலே தாழ்வாரம் அமைதியாகிவிடும். வாளியில் கிடந்த துணிகளை எல்லாம் எடுத்துத் தரையில் விரித்த துணியின் மேல் ஐந்தைந்தாகப் பரப்பினோம். கடைசி வரிசையில் நான்குதான் இருந்தன. "பத்தொன்பதுதான் சார். மூட வேண்டாம்" என்றார் சிஸ்டர். முதல் முறை சொன்ன அதே குரல். ஓர் இழை கூட உயரவில்லை, இறங்கவும் இல்லை. சர்ஜன் ஒரு கணம் அவரைப் பார்த்தார், பிறகு பலகையைப் பார்த்தார், ஊசியை வைத்துவிட்டு மீண்டும் கையை உள்ளே விட்டார். மண்ணீரலுக்குப் பின்னால், நனைந்து, சுற்றியிருந்த சதையின் நிறத்திலேயே அது இருந்தது. கிடைக்காமல் போயிருந்தால் எக்ஸ்ரே எடுத்திருப்போம். அதற்காகவே அந்தத் துணியில் எக்ஸ்ரேயில் தெரியும் இழை ஒன்று சேர்க்கப்பட்டிருக்கும்.

கேன்டீனில் காபி ஆறிப்போயிருக்கிறது என்று சொல்லவே தயங்குகிற அந்தப் பெண்மணிக்கு அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று நான் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். அவர் அறுவை தொடங்குவதற்கு முன்பே இன்னொருவருடன் சேர்ந்து எண்ணியிருந்தார், அதை எல்லோரும் பார்க்கும்படி எழுத வைத்திருந்தார், இடையில் பிரித்த ஒவ்வொரு துணிக் கட்டின் எண்ணிக்கையையும் அதே பலகையில் ஏற்றியிருந்தார். ஆகவே அந்த நிமிடத்தில் சர்ஜனோடு மோத வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை; பலகையில் இருந்ததைச் சொன்னாலே போதும். துணிவு என்று வெளியில் தெரிந்தது அந்தக் கணத்தில் பிறந்தது அல்ல. மூன்று மணி நேரத்துக்கு முன்பே செய்து வைத்த வேலை அது.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் டெஸ்டிங் குழுவின் தலைமை என்றால், எல்லோரும் ரிலீஸ் தேதியை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது "இது இன்னும் தயாராகவில்லை" என்று சொல்ல வேண்டியவள் நீ. அந்தக் கூட்டத்தில் போய் முதல் முறையாக அதைச் சொன்னால், அது உன் அபிப்பிராயமாகத்தான் கேட்கும். உன் அபிப்பிராயத்துக்கும் விற்பனைத் தலைவரின் அபிப்பிராயத்துக்கும் போட்டி என்றால் யார் ஓங்கிப் பேசுகிறாரோ அவர் ஜெயிப்பார். அதனால் வேலை தொடங்கும் வாரத்திலேயே எல்லோரையும் உட்கார வைத்து, எந்தெந்தப் பகுதிகள் பிழையின்றி ஓடியாக வேண்டும், எத்தகைய பிழை ஒன்று இருந்தாலும் வெளியிடக் கூடாது, இறுதி முடிவு யாருடையது என்பவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதி ஒப்புக்கொள்ள வை. பிறகு வாரம் ஒருமுறை அதே பக்கத்தில் நிலவரத்தைக் குறித்து எல்லோருக்கும் அனுப்பு. கடைசி நாளில் நீ பேச வேண்டியது நான்கு வாக்கியம்தான்: நாம் ஒப்புக்கொண்டது இது, இன்றைய நிலை இது, இன்னும் இத்தனை நாள் தேவை, அப்படியும் வெளியிட்டால் வாடிக்கையாளருக்கு நேரப்போவது இது. சொல்லிவிட்டு நிறுத்து. மன்னிப்புக் கேட்பது போல் இழுத்துக்கொண்டே போகாதே. அந்த வழக்கம் உனக்கு உண்டு.

இதற்கான திறமை உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்கு நானே சாட்சி. 2024 கோடையில் ஊரே தண்ணீர் லாரிக்குக் காத்துக்கிடந்தபோது நீ விடுமுறையில் வந்திருந்தாய், நினைவிருக்கிறதா? லாரிக்காரர் ஒவ்வொரு முறையும் 12,000 லிட்டர் என்று ரசீது கொடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று குடியிருப்பில் எல்லோரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீதான் நிலத்தடித் தொட்டியை அளந்தாய்: ஐந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். அப்படியானால் ஒரு லாரித் தண்ணீருக்கு மட்டம் 120 சென்டிமீட்டர் ஏற வேண்டும். மூங்கில் கழியில் கோடு போட்டு, லாரி வருவதற்கு முன்னும் போன பின்னும் இறக்கிப் பார்த்தாய். ஒவ்வொரு முறையும் 100-ஐ ஒட்டித்தான் ஏறியது. தேதி போட்டு எழுதி வைத்தாய். சங்கக் கூட்டத்தில் மூன்றாம் மாடிக்காரர் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தபோது நீ அந்த நோட்டை நடுவில் வைத்து, ஒரு லாரிக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் குறைகிறது என்றாய். அதன்பின் அங்கே விவாதமே நடக்கவில்லை. மறுவாரம் லாரிக்காரர் விலையைக் குறைத்தார். அந்தக் கூட்டத்தில் நீ தலைவியாக எந்தப் பதவியிலும் இல்லை. ஆனால் எல்லோரும் உன் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த முடிவை எடுத்தார்கள்.

ஆகவே உன் பலம் கவனிப்பதும், அளப்பதும், பிறர் கொதிக்கும்போது கொதிக்காமல் இருப்பதும். இதை நான் சொல்வதால் நம்ப வேண்டாம், நீயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. நிர்வாகத் துறையின் பெரிய அறிஞர் பீட்டர் டிரக்கர் தன் வாழ்நாளில் பின்பற்றியதாகச் சொன்ன முறை அது: முக்கியமான முடிவு ஒன்றை எடுக்கும்போது என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறாயோ அதை எழுதி வை, ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிட்டுப் பார். எதில் நம் கணிப்பு திரும்பத் திரும்பப் பலிக்கிறது, எதில் திரும்பத் திரும்பப் பொய்க்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். பலம் உள்ள இடத்தில்தான் உழைப்பைப் போட வேண்டும், சுத்தமாக வராத ஒன்றைச் சுமாராக்குவதற்கு ஆயுளைச் செலவழிக்கக் கூடாது என்பது அவருடைய உறுதியான கருத்து. மேடையில் கைதட்டல் வாங்கும் பேச்சாளராக நீ மாற வேண்டியதில்லை என்று நான் சொல்வதும் இதனால்தான்.

ஆனால் பலத்துக்கே குறுக்கே நிற்கும் பழக்கத்தைத் திருத்தத்தான் வேண்டும் என்றும் அவர் சொன்னார். உன்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. பிறர் செய்வது மெதுவாக இருந்தால் நீயே எடுத்துச் செய்துவிடுகிறாய். பதினோரு பேர் இருக்கும் குழுவில் இரவு பதினொரு மணிக்கு நீ மட்டும் விழித்திருப்பதை நான் பெருமையாக நினைக்கவில்லை. செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் எடுத்த காலத்தில் ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியலாளர் 1977-இல் எழுதியதைப் படித்தேன். என்னால் முடியும் என்ற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று அவர் ஆராய்ந்தார். தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது, மதிப்புக்குரியவர் சொல்லும் ஊக்கச் சொல், தன் உடலில் எழும் பதற்றத்தை ஒருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பது ஆகிய மூன்றும் உதவும். அவற்றைவிட வலுவானது தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம் என்றார். குழுவில் புதிதாகச் சேர்ந்த அந்தத் தமிழ்ப் பையனின் வேலையை நீ வாங்கிச் செய்துவிடும் ஒவ்வொரு முறையும், அவனுக்குக் கிடைக்க வேண்டிய அந்த அனுபவத்தை எடுத்துக்கொள்கிறாய். சிறியதாக, முடிவு தெளிவாகத் தெரியும்படியான ஒரு பகுதியை அவனிடம் கொடு, எப்போது வந்து பார்ப்பாய் என்று சொல், அதுவரை தொடாதே. அது உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உடலின் பதற்றம் பற்றிச் சொன்னேன் அல்லவா? பேசப் போகுமுன் நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிடுகிறது, அதனால் எனக்குத் தகுதி இல்லை என்று நீ முடிவு கட்டுகிறாய். மருத்துவமனையில் வாழ்ந்தவள் சொல்கிறேன்: முக்கியமான காரியத்துக்கு உடல் தன்னைத் தயார் செய்துகொள்ளும்போது அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கும், கை கால் நுனிகளுக்கு இரத்தம் குறையும். அது உன் தகுதியைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு, அதுதான் எல்லாவற்றிலும் பெரியதாக எனக்குப் படுகிறது. உனக்கு மட்டும் துணிவு இருந்தால் போதாது. உன் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவரும் உன்னிடம் "அக்கா, இது தப்பு" என்று சொல்லும்படி நீ இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை அரங்குகளுக்காக 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. உன் ஊருக்குப் பக்கத்தில் டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்தபோது, அறுவைக்குப் பின் இறந்தவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தார்கள். அந்தப் பட்டியலில் மருந்தும் கருவியும் மட்டும் இல்லை. கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. தொடக்கத்தில் ஒருமுறை வாய் திறந்தவருக்கு, நடுவில் ஏதோ சரியில்லை என்று தோன்றும்போது மறுபடி திறப்பது எளிது. உன் கூட்டங்களிலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் எல்லோரும் ஒரு வாக்கியமாவது பேசும்படி பார்த்துக்கொள். நீ கடைசியாகப் பேசு.

அவர்கள் பேசினால் உன் காதில் என்ன விழும் என்பதற்கும் தயாராக இரு. ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டுகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டிலோ அங்கேதான் அதிகம் இருந்தது. காரணம் பிறகு புரிந்தது: அந்த வார்டுகளில் பிழையைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், மற்ற வார்டுகளில் மறைத்தார்கள். எனவே நீ தலைமை ஏற்றபின் உன் குழுவிலிருந்து வரும் புகார்களும் பிழை அறிக்கைகளும் கூடினால் கலங்காதே. அவை குறையும் மாதத்தில்தான் நான் உன் இடத்தில் இருந்தால் கவலைப்படுவேன். யாராவது தன் தவற்றைத் தானே வந்து சொன்னால், முதலில் நன்றி சொல், பிறகு கேள்வி கேள்; அந்த வரிசை மாறக்கூடாது.

உன் மேலாளரிடமும் ஒருமுறை நேரில் பேசு. தோரணை என்று அவர் சொல்வது எந்தக் கூட்டத்தில், எந்த இடத்தில் குறைந்தது என்று கேள். குறிப்பாகச் சொல்ல முடிந்தால் அதைத் திருத்திக்கொள்ளலாம். சொல்ல முடியவில்லை என்றால், நீ என்ன செய்யப்போகிறாய் என்பதை அவரிடம் சொல்லிவிட்டு வா.

அடுத்த ரிலீஸ் தை மாதம் என்றாய். அதற்கான அந்த ஒரு பக்கத்தை இந்த வாரக் கடைசியில் எழுதி எனக்கும் அனுப்பு. டெஸ்டிங் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எந்த வாக்கியத்தை இரண்டு விதமாகப் படிக்க முடிகிறது என்று என்னால் சொல்ல முடியும். ஞாயிறு மாலை நான் வீட்டில்தான் இருப்பேன், போன் செய்.

அன்புடன்,
அம்மா